ஏற்காட்டுச் சாலைக்கு ஒரு ரிலே கிட்: பழைய புல்லட்டின் ஹெட்லைட்டைச் சீர்செய்த அனுபவம்

மதிப்புரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்கு மிகச் சாதாரணமானது. தீப்பெட்டியில் பாதியளவுள்ள இரண்டு ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்), எச்4 என்னும் வகை முன்விளக்குப் பல்பைப் பொருத்தும் செராமிக் ஹோல்டர் ஒன்று, ஒரு பியூஸ், இவற்றை இணைக்கும் சில தடித்த ஒயர்கள், ஒயர்களின் மேல் போர்த்திய கறுப்பு நெளிகுழாய், அவ்வளவுதான். சேலத்து உதிரிபாகக் கடைகளில் ‘ஹெட்லைட் ரிலே கிட்’ என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். நான் கொடுத்த விலை 850 ரூபாய். பொருத்திய கூலி 400, புதிய சாதாரண பல்பு 180, ஆக 1,430 ரூபாய் செலவில் என்னுடைய 2015ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் முன்விளக்கு, அதை வாங்கிய நாளில்கூட இல்லாத வெளிச்சத்தை இப்போது தருகிறது. ஆனால் இந்தத் தொகைக்கு வந்து சேர்வதற்கு முன்பு, பொருந்தாத பொருள்களுக்காக இதைப்போல் இரண்டு மடங்கு செலவழித்திருந்தேன் என்பதால், அந்தத் தவறுகளையும் சேர்த்துச் சொன்னால்தான் மதிப்புரை நேர்மையாக இருக்கும்.

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தின் கணக்குகளைப் பார்ப்பது என் வேலை. வீடு சேலம் அஸ்தம்பட்டியில். ஆண்டின் பெரும்பகுதியில் வெளிச்சம் இருக்கும்போதே மலையிறங்கிவிடலாம். காபிப் பழம் பறிக்கும் பனிக்கால மாதங்களில் மட்டும், அன்றைய பழத்தை எடைபோட்டு, ஆட்களின் கூலிக் கணக்கை முடித்துப் புறப்படும்போது மணி ஏழரை ஆகிவிடும். டிசம்பரில் ஆறு மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து, 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் கிடக்கும் சேலத்துக்கு, 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக இருட்டில் இறங்கியாக வேண்டும். மேல் வளைவுகளில் மூடுபனி இருக்கும். மழை பெய்த மறுநாள் பாறைகளிலிருந்து கசியும் நீர் சாலையின் குறுக்கே வழியும். எந்த வளைவில் வேண்டுமானாலும் காட்டெருமை நிற்கலாம். கரிய உடம்போடு கரிய தார்ச்சாலையில் அது நிற்கும்போது, வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல் இருக்கும் அதன் கீழ்க்கால்கள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. அந்த வெள்ளை எத்தனை மீட்டருக்கு முன்னால் தெரிகிறது என்பதைத்தான் என்னைப் பொறுத்தவரை ஒரு ஹெட்லைட்டின் தரமாகக் கொள்கிறேன். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் எதுவும் அதைச் சொல்வதில்லை.

பத்து ஆண்டுகளில் என் வண்டியின் விளக்கு மெல்ல மெல்ல மங்கியிருக்க வேண்டும். தினமும் பார்க்கும் குழந்தை வளர்வது பெற்றோருக்குத் தெரியாததைப்போல, அந்த மங்கலும் எனக்குத் தெரியவில்லை. சென்ற ஆண்டு ஒரு நண்பரின் புதிய வண்டி எனக்கு முன்னால் இறங்கியபோதுதான், என் விளக்கு சாலையில் போடுவது அரிக்கேன் விளக்கின் பழுப்பு என்பது உறைத்தது. பல்பு பழசாகிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டு, கூடுதல் வாட் உள்ள பல்பைத் தேடினேன்.

முதலில் வாங்கியது 100/90 வாட் பல்பு. கம்பெனி பல்பு 60/55 வாட், அதாவது பிரைட்டில் 60, டிம்மில் 55. எண்ணிக்கையைப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வெளிச்சம் வர வேண்டும். வந்தது கண்ணால் பார்த்து ‘ஆமாம், கொஞ்சம் பரவாயில்லை’ என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குத்தான். காரணம் பின்னால் விளங்கியது. 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்னோட்டம் கேட்கும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கும் மேல் கேட்கும். ஒயர்கள் அதே மெல்லிய ஒயர்கள்தான் என்பதால், கூடுதலாகக் கேட்ட மின்சாரத்தில் கணிசமான பங்கு ஒயரையும் சுவிட்சையும் சூடாக்குவதற்கே போயிருக்கிறது. ஒன்றரை மாதத்தில் ஒரு மாலை, பாதி மலை இறங்கியபோது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. நிறுத்திப் பார்த்தால் பல்பின் பின்னால் இருக்கும் ஹோல்டர் இளகி, ஒயரின் முனை ஒன்று பழுப்பேறியிருந்தது. பல்பு 320 ரூபாய், புதிய ஹோல்டர் 140. மேலும், தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மாறாக இப்படிப் பல்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு இடம் தருவதில்லை என்பதையும் அப்போது நான் யோசிக்கவில்லை.

இரண்டாவது தவறு விலையிலும் பெரியது. எல்இடி பல்பு, 2,400 ரூபாய். பெட்டியில் ஒளியின் அளவு 20,000 லூமென் என்று அச்சிட்டிருந்தது. தரநிலைப்படி 13.2 வோல்ட்டில், என் வண்டியின் கம்பெனி பல்பைப் போன்ற ஓர் எச்4 ஹாலோஜன் பல்பு பிரைட்டில் 1,650 லூமென், டிம்மில் 1,000 லூமென் தருகிறது. கட்டைவிரல் தடிமனுள்ள ஒரு பொருள் பன்னிரண்டு ஹாலோஜன் பல்புகளுக்குச் சமமான ஒளியைத் தரும் என்று நம்பியதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. வீட்டு வாசலில் எரியவிட்டுப் பார்த்தபோது எதிர்ச்சுவர் பால்போல் வெளுத்தது. மகிழ்ச்சியோடு மறுநாள் மலைக்குக் கொண்டுபோனேன்.

இங்கே எச்4 பல்பு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முன்விளக்கை மாற்ற நினைப்பவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். அந்தப் பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. பிரைட்டுக்கான இழை, டூமின், அதாவது பல்பைச் சுற்றியுள்ள விளக்குக் கிண்ணத்தின், குழிவான கண்ணாடியில் ஒளி குவியும் புள்ளிக்கு அருகில் அமைந்திருக்கிறது. டிம்முக்கான இழை அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. அந்த இழைக்கு அடியில் மட்டும் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் தாங்கியதுபோல் நிற்கும். டிம்மில் எரியும்போது கீழ்நோக்கிப் போக வேண்டிய ஒளியை அந்தக் கிண்ணம் மறைத்துவிடுவதால், குழிவின் மேற்பாதியில் பட்ட ஒளி மட்டுமே திரும்பி, கீழ்நோக்கிச் சாய்ந்து சாலையில் விழுகிறது. மேல்நோக்கி எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகக்கூடிய ஒளி பிறப்பதற்கே வழியில்லாமல் செய்திருக்கிறார்கள். சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே இருட்டும் கீழே வெளிச்சமுமாக, கத்தியால் அறுத்ததுபோல் ஒரு கோடு தெரிவதும் இதனால்தான். அந்த டூம் முழுவதும், அதன் முன்கண்ணாடியில் உள்ள வரிகள் உட்பட, ஓர் ஊசியளவு மெல்லிய இழை குறிப்பிட்ட இடத்தில் எரியும் என்ற கணக்கின்மேல் செய்யப்பட்டது.

நான் வாங்கிய எல்இடி பல்பில் இழைக்குப் பதிலாக ஒரு தட்டையான தகட்டின் இரு பக்கங்களிலும் ஒளிச்சில்லுகள் ஒட்டியிருந்தன. சில்லுகளின் அகலமும் இடமும் இழையினுடையவை போல் இல்லை என்பதால், டிம்மில் போட்டாலும் ஒளி மேலும் கீழும் பக்கவாட்டிலும் சிதறியது. சுவரில் கோடு இல்லை, வெறும் வெள்ளைத் தேமல் மட்டுமே. சாலையில் வண்டிக்கு முன்னால் ஐந்தாறு மீட்டர் கண்ணைக் கூசும் அளவுக்கு வெளுத்திருக்க, அதற்கு அப்பால் முன்பைவிட இருட்டாகத் தெரிந்தது. அருகில் மிகுந்த வெளிச்சம் இருந்தால் கண்மணி சுருங்கிவிடும், பிறகு தூரத்தில் உள்ள மங்கல் எப்படித் தெரியும்? எதிரே ஏறிவந்த வண்டிகள் ஒவ்வொன்றும் விளக்கை அடித்துக் காட்டின. ஒரு பேருந்து ஓட்டுநர் வளைவில் வண்டியை நிறுத்தியே விட்டார். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “தம்பி, கண்ணே தெரியல எனக்கு, நீங்க போங்க, அப்புறம் நான் வர்றேன்” என்றார். அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 106ஆம் விதி சொல்வதும் இந்த ஓட்டுநர் பட்ட கஷ்டத்தைத்தான்: விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலப்புற ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்குக் கூசாதபடி, ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும்.

மூடுபனியில் அந்தப் பல்பு இன்னும் மோசம். மேல்நோக்கிச் சிதறிய ஒளி என் கண்ணுக்கு நேர் எதிரே இருந்த பனியில் பட்டுத் திரும்பியதில், வெள்ளை வேட்டியைக் காயப்போட்டதுபோல் ஒரு திரை நின்றது. மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும், வெள்ளை துளைக்காது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது என்பதால், அது எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கிறது. பனியில் உதவுவது நிறத்தைவிட, ஒளி தாழ்வாக விழுவதும் மேலே கசியாமல் இருப்பதும்தான். ஹாலோஜனின் மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.

மூன்றாம் வாரத்தில் ஒரு மழை மாலையில் பல்பின் பின்னால் இருந்த சின்ன விசிறி நின்றுபோய், பல்பு சூடேறி அணைந்தது. விற்ற கடையில் எலக்ட்ரிக் பொருளுக்கு மாற்று கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த இரவு பார்க்கிங் விளக்கின் துணையில், ஒரு லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு இறங்கினேன்.

அதன் பிறகுதான் அலுவலக நண்பர் ஒருவர் சொல்லி, செவ்வாய்ப்பேட்டைக்குப் போகும் வழியில் ஒரு சந்து முனையில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போனேன். பெயர்ப்பலகை இல்லாத கடை; அறுபதைத் தாண்டியவர்; பழைய டைனமோக்களும் சுருட்டிய ஒயர்களும் கூரைவரை அடுக்கியிருக்கும். வேறு எந்தக் கடையிலும் செய்யாத ஒன்றை அவர் செய்தார்: என்ன பல்பு வேண்டும் என்று கேட்பதற்கு முன், மல்டிமீட்டரை எடுத்தார். பழைய 60/55 பல்பைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைச் சற்றுப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பேட்டரி முனைகளில் அளந்தார்: 13.9 வோல்ட். பிறகு பிரைட்டில் பல்பு எரியும்போதே ஹோல்டரின் பின்புறம் முனைகளை வைத்து அளந்தார்: 12.1 வோல்ட்.

“பல்பு மேல பழி போடாதீங்க தம்பி. அதுக்குச் சோறு போகலை” என்றார்.

1.8 வோல்ட் என்பது சிறிய இழப்பாகத் தோன்றலாம். ஹாலோஜன் பல்பின் இயல்பு வேறு. வோல்ட் குறையும் அதே விகிதத்தில் ஒளி குறைவதில்லை. பல மடங்கு வேகமாகக் குறைகிறது. வோல்ட்டில் 10 சதவீதம் போனால் ஒளியில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். இழை சற்றே குளிர்ந்தாலும் அதிலிருந்து வரும் ஒளி சரிந்து, நிறமும் பழுப்பேறுகிறது. நான் அரிக்கேன் வெளிச்சம் என்று நினைத்தது இதுதான். இந்த 1.8 வோல்ட் எங்கே தொலைகிறது என்பதற்கும் அவர் விடை வைத்திருந்தார். பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் பியூஸ் வழியாகச் சாவிச் சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து ஹாண்டில்பாரில் உள்ள டிம்-பிரைட் சுவிட்சுக்குப் போய், இடையில் ஒயர்களை இணைக்கும் பல கப்ளர்களைக் கடந்து ஹோல்டருக்கு வருகிறது. திரும்பிப் போகும் எர்த் ஒயரும் மெல்லியது. பத்து ஆண்டுகள் மலைப்பனியில் நனைந்த கப்ளர் ஒன்றை அவர் பிரித்துக் காட்டியபோது உள்ளே பித்தளை முனைகளில் பச்சை பூத்திருந்தது.

ரிலே கிட் இந்தச் சுற்றுவழியைத் துண்டித்துவிடுகிறது. மடை திறப்பவர் பலகையைத் தூக்கினால் போதும், வாய்க்கால் தண்ணீர் முழுவதும் அவர் கை வழியாகப் போக வேண்டியதில்லை அல்லவா? அதுபோல, ஹாண்டில்பார் சுவிட்ச் இனி ரிலேயின் உள்ளே இருக்கும் சுருளுக்கு மிகச் சிறிய மின்னோட்டத்தை மட்டும் கொடுக்கிறது. சுருள் காந்தமாகி ஓர் இணைப்பை மூடுகிறது. பல்புக்கான 5 ஆம்பியர், பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் வழியாக நேரே போகிறது. ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். 85, 86 சுருளின் முனைகள், 30 பேட்டரி வரும் முனை, 87 பல்புக்குப் போகும் முனை. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலேக்கள். வண்டியின் பழைய ஹோல்டரில் இருந்த மூன்று முனைக் கப்ளர் கிட்டின் பின்பகுதியில் அப்படியே செருகிக்கொள்கிறது என்பதால், கம்பெனி ஒயர் ஒன்றையும் வெட்ட வேண்டியதில்லை. விற்கும் நாளில் கழற்றிவிட்டால் வண்டி பழையபடி ஆகிவிடும். இந்த ஒரு வசதிக்காகவே தனித்தனியாக ரிலே வாங்கி ஒயர் இழுப்பதைவிடக் கிட்டாக வாங்குவதைப் பரிந்துரைப்பேன்.

கிட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். அவை சிறியவை அல்ல. முதலாவது, அதில் வரும் பியூஸ் விளக்குப் பக்கம் இருக்கிறது. பியூஸ் பேட்டரிக்கு அருகில் இருந்தால்தான் இடையில் எங்கேனும் ஒயர் உரசி உலோகத்தில் பட்டாலும் பியூஸ் போய் வண்டி தப்பும். கிட்டில் வந்தபடி பொருத்தினால், பேட்டரியிலிருந்து ஹாண்டில்பார் வரையான ஒயர் காவலில்லாமல் கிடக்கும். எலக்ட்ரீசியன் அதை வெட்டி, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்தார். உள்ளே இருந்த 20 ஆம்பியர் பியூஸை எடுத்துவிட்டு 15 ஆம்பியர் போட்டார். இரண்டாவது, எர்த் ஒயர் மற்ற ஒயர்களைவிட மெல்லியது. போகும் வழி அகலமாக இருந்து திரும்பும் வழி குறுகலாக இருந்தால் பயன் பாதிதான் என்று சொல்லி, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றை பேட்டரியின் எதிர்முனைவரை தனியாக இழுத்தார். மூன்றாவது, ரிலேக்களை மாட்டுவதற்கு என்று கொடுத்திருக்கும் தகடு தகரம்போல் வளைகிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, டேங்குக்கு முன்னால் உள்ள இடுக்கில், முனைகள் கீழ்நோக்கி இருக்குமாறு, தண்ணீர் தேங்காதபடி கட்டினார். ஆகவே, வீட்டிலேயே பத்து நிமிடத்தில் பொருத்தலாம் என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பி யாரும் திருப்புளியோடு உட்கார்ந்துவிட வேண்டாம். செராமிக் ஹோல்டர் மட்டும் குறைசொல்ல முடியாத தரம்.

பல்பு விஷயத்திலும் அவர் என் கையைக் கட்டிப்போட்டார். கூடுதல் வெளிச்சம் தரும் என்று விளம்பரம் செய்யும் விலையுயர்ந்த ஹாலோஜன் பல்பு ஒன்றை நான் கேட்டபோது வேண்டாம் என்றார். அவற்றின் ஆயுள் ஏற்கனவே குறைவு; போதாக்குறைக்கு இனி முழு வோல்ட் கிடைக்கப்போகிறது. வோல்ட் 5 சதவீதம் கூடினாலே ஹாலோஜன் இழையின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பிலிப்ஸ் நிறுவனத்தின் சாதாரண 60/55 வாட் பல்பைப் பிரித்து, செய்தித்தாள் துண்டால் அடியைப் பிடித்து, கண்ணாடியில் விரல் படாமல் பொருத்தினார். விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் மட்டும் அதிகமாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும் என்பது காரணம். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். கடைசியாக மீண்டும் மல்டிமீட்டர்: ஹோல்டரில் 13.6 வோல்ட்.

12.1 இலிருந்து 13.6 என்பதை ஒளியாக மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வருகிறது. அதே வாட் பல்பு, அதே டூம், அதே பேட்டரி. ஆனால் ஒன்றரை மடங்கு ஒளி கிடைத்தால் ஒன்றரை மடங்கு தூரம் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், கணக்குப்படி கூடுதலாகக் கிடைப்பது சுமார் 22 சதவீதத் தூரம். முன்பு 40 மீட்டரில் தெரிந்தது இப்போது 49 மீட்டரில் தெரியும். மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்கும் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகிறது என்பதால், அந்த 9 மீட்டர் ஒரு விநாடிக்கும் சற்றுக் குறைவான அவகாசம். மலைச்சாலையில் அது பெரிய அவகாசம். காட்டெருமையின் வெள்ளைக் காலைப் பார்த்ததும் பதறிப் பிரேக் பிடிப்பதற்கும், கியரைக் குறைத்து நிதானமாக நிற்பதற்கும் இடையில் உள்ள வேறுபாடு அதுதான். ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை இரவு அப்படி நின்று, மூன்று காட்டெருமைகள் சாலையைக் கடந்து சரிவில் ஏறிப் போகும்வரை எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். முந்தைய ஆண்டு அதே சூழ்நிலையில் பின்சக்கரம் வழுக்கியது.

வெளிச்சத்தின் அளவைப் போலவே அது விழும் இடமும் முக்கியம் என்பதால், பொருத்திய மாலையே விளக்கின் சாய்வைச் சரிசெய்தேன். சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, என் எடையோடு நான் அமர்ந்திருக்க, விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் சுண்ணக்கட்டியால் மகன் ஒரு கோடு போட்டான். டிம்மின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே விழுமாறு டூமைச் சாய்த்து இறுக்கினோம். அதற்கு முன் அது கோட்டுக்கு மேலேயே இருந்தது. இத்தனை ஆண்டுகளாக என் வெளிச்சத்தில் ஒரு பகுதி மரக்கிளைகளுக்குப் போயிருக்கிறது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து விளக்கு மேல்நோக்கும். மனைவியோடு இறங்கிய ஒரு ஞாயிறு இரவில் எதிர்வண்டிகள் மீண்டும் விளக்கடித்தபோது அது நினைவுக்கு வந்தது. அடிக்கடி இருவராகப் போகிறவர்கள் இருவரும் அமர்ந்த நிலையிலேயே அளந்துகொள்வது நல்லது.

இந்தக் கிட்டால் ஆகாதவையும் இருக்கின்றன. கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது டிம்மின் மேல்விளிம்பும் சாய்கிறது. திரும்பப்போகும் உட்பக்கம் இருட்டாகவும், தேவையில்லாத வெளிப்பக்கத் தடுப்புச்சுவர் வெளிச்சமாகவும் இருக்கும். எத்தனை வோல்ட் கொடுத்தாலும் அது மாறாது. அகலமாகவும் தாழ்வாகவும் ஒளி பரப்பும் துணைவிளக்கு பொருத்தினால் சற்றுக் குறையலாம். அதை நான் செய்யவில்லை என்பதால் மேலே எதுவும் சொல்வதற்கில்லை. அடுத்தது, முதல் கியரில் ஊர்ந்து திரும்பும்போது எஞ்சின் வேகம் குறைவதால் பேட்டரியின் வோல்ட்டே இறங்கி, விளக்கும் கண்ணுக்குத் தெரியும்படி மங்குகிறது. ரிலே இருப்பதைத்தான் முழுவதும் கொண்டுசேர்க்கும், இல்லாததை உண்டாக்காது. டிம்மிலிருந்து பிரைட்டுக்கு மாற்றும்போது இமைப்பொழுது இருட்டும், டேங்குக்கு அடியிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தமும் வருகின்றன. இருட்டுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டேன். சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்லா வண்டிகளுக்கும் இந்தக் கிட் பொருந்தாது. 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் இருப்பது எச்எஸ்1 என்னும் 35/35 வாட் பல்பு. அதன் அடித்தட்டு எச்4க்கு நெருங்கிய சாயலில் இருப்பதால் சிலர் 60/55 பல்பின் விளிம்பை ராவிச் செருகிவிடுகிறார்கள். அந்தச் சிறிய வண்டியின் மின்னாக்கி அவ்வளவு சுமைக்குச் செய்யப்பட்டது அல்ல. இரண்டு வாரத்தில் பேட்டரி படுத்துவிடும். பழைய வண்டிகள் சிலவற்றில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து வராமல், எஞ்சினில் உள்ள காயிலிலிருந்து ஏசி மின்சாரமாக நேரே வருகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் வெளிச்சம் ஏறி, விட்டால் இறங்கும் வண்டி என்றால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். அதில் ரிலே கிட்டைச் செருகினால் பயனில்லை. 2017 ஏப்ரல் 1 முதல் வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும். அவற்றிலும் எச்4 பல்பு இருந்தால் கிட்டைப் பொருத்தலாம், ஆனால் வாரண்டி மீதமிருந்தால் பொறுப்பது நல்லது. கம்பெனியிலேயே எல்இடி விளக்கோடு வரும் புதிய வண்டிகளுக்கு இந்த மதிப்புரை எதற்கும் உதவாது. அந்த எல்இடியும் நான் மாட்டிக் கெடுத்த எல்இடியும் ஒன்றல்ல. அங்கே சில்லுக்கேற்ப டூமையே வடிவமைத்திருக்கிறார்கள்.

வாங்க நினைப்பவர்கள் எதற்கும் முன்பு 20 ரூபாயோ 50 ரூபாயோ கொடுத்து யாரிடமாவது பேட்டரியிலும் ஹோல்டரிலும் வோல்ட்டை அளந்து பார்த்துக்கொள்ளட்டும். இரண்டுக்கும் இடையில் அரை வோல்ட்டுக்குள்தான் வேறுபாடு என்றால் கிட்டால் பெரிய மாற்றம் வராது. டூமின் உள்பூச்சு மங்கியிருக்கிறதா, சாய்வு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதே அடுத்த வேலை.

ஆறு மாதம் கழித்து, ஆனி மாதத்தில், வேறு வேலையாகச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனபோது அதே கடையில் வண்டியை நிறுத்தினேன். நான் கேட்காமலேயே மல்டிமீட்டரை எடுத்துவந்து அளந்தார்: 13.3. முகத்தைச் சுளித்தார். பேட்டரிப் பெட்டியைத் திறந்து, தாம் இடம் மாற்றி வைத்த பியூஸ் ஹோல்டரைப் பிரித்து, லேசாகப் பச்சை பூக்கத் தொடங்கியிருந்த முனைகளைப் பெட்ரோலில் தோய்த்த பிரஷ்ஷால் தேய்த்து, கொஞ்சம் வாசலினைத் தடவி மூடினார். மறுபடி அளந்ததில் 13.6 வந்தது. நான் நீட்டிய ஐம்பது ரூபாயை வாங்கவில்லை; ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் ஒருமுறை கொண்டுவந்து காட்டச் சொன்னார்.